முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு துளைகள்

தண்ணீர் உள்ளே வருகிறது என்று சொன்னால், வருகிற வழியைத் தேடாமல் போகிற வழியை வெட்டச் சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொட்டாஞ்சேனையில் பழைய கார்களுக்குப் பேர்போன கராஜ்காரர் அப்படித்தான் சொன்னார். என் காரின் இடதுபக்க முன்சீற்றடியில் கிடந்த ரபர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் குளம் நின்றது.

"ஒண்ணும் பயப்படாதீங்க மெடம். தரையில ரெண்டு ஓட்டை போட்டு விட்டுருவோம். தண்ணி அதுபாட்டுக்குப் போயிரும். பழைய காருன்னா ஒழுகத்தானே செய்யும்."

"வீட்டுக் கூரை ஒழுகினால் நிலத்திலயோ ஓட்டை போடுவீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன்.

அது அப்பாவின் கார். என்னைவிட வயதில் மூத்தது. ஆங்கிலேயர் செய்து கப்பலில் அனுப்பிய, முதுகு வளைந்த சின்னக் கார். யாரோ ஓடி அலுத்துப்போய் விற்றதை அப்பா வாங்கி, சாகும்வரை அதையே ஓடினார். அவர் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். ஹெவ்லொக் டவுனில் ஒரு வாடகை வீடு, பிறகு அதற்குப் பின் ஒழுங்கையில் இன்னொரு வாடகை வீடு, பிறகு வெள்ளவத்தையில் ஒன்று என்று எங்களைக் கொண்டு திரிந்தார். வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் எழும்புவோம். கொழும்பில் எங்களுக்கென்று சொந்தமாக இருந்த ஒரே கூரை அந்தக் காரின் கூரைதான். அது ஒழுகுவதை நான் ஏன் மானப் பிரச்சினையாக எடுத்தேன் என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

அப்பா இருந்தவரை கார் எப்போதும் போர்ட்டிகோவுக்குள் நின்றது. மழையில் எடுக்கவும் மாட்டார். அவர் போனபிறகு எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தது. எங்கள் கட்டடத்தில் கூரைக்குக் கீழுள்ள இடங்கள் புது வாகனக்காரருக்கு. எனக்குக் கிடைத்தது பின்புறம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், திறந்த வானத்துக்குக் கீழே. முதல் பெருமழையோடு காரின் குணம் வெளியே தெரிந்தது.

அது மட்டுமென்றால் நானும் பழைய துவாயும் சமாளித்திருப்போம். டெங்கு பரவிய நேரம், சுகாதாரப் பரிசோதகர் கட்டடத்துக்கு வந்தார். பூச்சாடி, தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, போகிற போக்கில் என் காரின் கதவைத் திறக்கச் சொன்னார். விரிப்புக்குக் கீழே தண்ணீர். தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. நான் பாடசாலையில் பௌதிகம் படிப்பிக்கிறவள். பக்கத்து வகுப்பில் உயிரியல் படிப்பிக்கிற டீச்சருக்கு ஒரு போத்தலில் பிடித்துக் கொடுத்திருக்கலாம், அவ்வளவு செழிப்பாக வளர்ந்திருந்தன.

பரிசோதகர் இந்த முறை மன்னித்துவிட்டுப் போனார். எங்கள் ஃபிளாட் கமிட்டியின் செயலாளர் மன்னிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற கணக்காளர், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது அதிகாரி படியேறினால் அவருக்குக் கை கால் ஓடாது.

"டீச்சர், அடுத்த முறை அவை வரேக்க இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி நிண்டாலும் கார் இஞ்ச நிக்கேலாது. கமிட்டி முடிவு. எங்களுக்கு வீண் கரைச்சல் வேண்டாம்."

இதைக் கேட்டு மகிழ்ந்த ஒரே ஆள் என் அண்ணா. அவர் கனடாவில் இருக்கிறார். அப்பாவின் காரில் அவருக்கும் பாதி உண்டு. அப்பா போன நாளிலிருந்து அதை விற்கச் சொல்லித்தான் நிற்கிறார்.

"கல்கிசையில ஒருத்தர் கலியாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுறாராம். நான் கதைச்சுப்போட்டன். நல்லா வைச்சிருப்பார். குடுத்துவிடு தங்கச்சி."

"ரிப்பன் கட்டிப் பூ ஒட்டிக்கொண்டு திரியுறதுக்கோ?"

"நிண்டு உக்கிறதை விட அது திறம்."

"அடுத்த பரிசோதனைக்குள்ள ஒழுக்கை நிப்பாட்டுறன். இல்லையெண்டால் நானே கொண்டுபோய் அவரிட்டக் குடுக்கிறன்," என்று சொன்னேன். வாய்க்கொழுப்பு.

என் கணவர் பொறுமைசாலி. இருபது வருடமாக என்னோடு இருக்கிறார் என்பதே அதற்குச் சாட்சி. "நீர் எண்டைக்குத் தோத்திருக்கிறீர், இண்டைக்குத் தோக்க?" என்றார். அது பாராட்டா நக்கலா என்று நான் ஆராயவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். தண்ணீர் முன்பக்கம் நிற்கிறது, முன்கண்ணாடியைச் சுற்றிய ரபர் வெடித்திருக்கிறது, ஆகவே ரபர்தான் குற்றவாளி. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் விற்கிற கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் கிடைத்தது. "இந்த அளவு ரபர் இனி வராது டீச்சர். இத எடுத்துப் போங்க, பிள்ளைட பிள்ளைக்கும் ஈக்கும்," என்று பேப்பரில் சுற்றித் தந்தார். கண்ணாடியைக் கழற்றி, புது ரபர் போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தடவி, கயிறு இழுத்து மாட்டினோம். அன்று மாலையே மழை வந்தது. மறுநாள் விரிப்பைத் தூக்கினேன். குளம் அப்படியே இருந்தது.

அவசரப்பட்டதற்கு என்னையே திட்டிக்கொண்டேன். தண்ணீர் நிற்கிற இடம் அது விழுந்த இடம்; நுழைந்த இடம் எங்கேயோ இருக்கும். வருடா வருடம் பிள்ளைகளுக்கு நுண்துளைக் குழாயும் மேற்பரப்பு இழுவையும் படிப்பிக்கிறேன். தகட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் எவ்வளவு தூரமும் பயணம் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சொந்த விஷயம் என்று வந்தால் படித்ததெல்லாம் பரணில் ஏறிவிடும்.

சரி, முறையாகச் செய்வோம் என்று ஒரு சனிக்கிழமை இறங்கினேன். விரிப்பு, சீற், அடியில் கிடந்த சணல் பாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். உட்தகட்டை ஒட்டத் துடைத்து, மின்விசிறி வைத்துக் காயவிட்டோம். காய்ந்த தகட்டின் மேல் மெல்லிய மாவைத் தூவி வைத்தால், தண்ணீர் ஓடிய பாதை கோடாகத் தெரியும். இது என் திட்டம். வீட்டில் பவுடர் இருக்கவில்லை. நான் பூசுவதில்லை, என் கணவருக்கு அந்த மணம் பிடிக்காது. ஆகவே பிட்டுக்கு வறுத்து வைத்திருந்த அரிசிமாவில் ஒரு சுண்டு எடுத்துத் தூவினேன்.

அன்று மழை வரவில்லை. விடிய வந்து பார்த்தால் காருக்குள் எறும்புத் திருவிழா. சில்லு வழியாக ஏறி, கதவு வழியாக நுழைந்து, டாஷ்போர்டுக்குக் கீழே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. ஜெனரேட்டர் பார்க்க வந்த காவலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். மேல்மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பிட்டுக்காரியின் மூளையால் மட்டுமே இப்படியொரு பரிசோதனையைச் செய்ய முடியும்.

"சம்பலும் வைச்சிருக்கலாம்," என்றார் என் கணவர்.

நான் எறும்பைக் கூட்டினேன். கூட்டிக்கொண்டிருக்கும்போதே யோசனை வந்தது. எறும்பு தின்னாத மா ஒன்று எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே. சாமியறைக்குப் போனேன். கதிர்காமத்திலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த திருநீற்றுப் பை பிரிக்காமல் கிடந்தது. அதை எடுக்கக் கை நீட்டியபோது, பக்கத்தில் செம்பில் குத்தி வைத்திருந்த பித்தளை வேல் சரிந்தது. அது எப்போதும் அப்படித்தான். தானாக நிற்காது, அடியில் விரல் நீளத்துக்கு இரண்டு ஸ்குரூக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அம்மா ஒரு செம்பில் அரிசியை நிரப்பி அதற்குள் குத்தி வைத்திருந்தார். அம்மா போனபிறகு நானும் அப்படியே அரிசி மாற்றிக் குத்தி வைத்தேன். ஏதோ பழைய குத்துவிளக்கில் இருந்து உடைந்தது என்று நினைத்திருந்தேன். வேலை நிமிர்த்தி விட்டுவிட்டுத் திருநீற்றோடு இறங்கி, டாஷ்போர்டுக்குக் கீழே தகடு முழுக்கத் தடவினேன்.

"சாமிக் குற்றம் வரப்போகுது," என்றார் அவர்.

"முருகன் ஒண்டும் கோவிக்க மாட்டார். அவருக்கும் இந்த ஒழுக்கு எங்கையெண்டு தெரிய ஆசையாத்தான் இருக்கும்."

தண்ணீர் பாய்ச்சுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கீழிருந்து தொடங்க வேண்டும். மேலே இருந்து ஊற்றினால் எல்லாமே நனையும், ஒன்றும் விளங்காது. அவர் வெளியே குழாயோடு நின்றார். நான் உள்ளே, சீற் இல்லாத தரையில் மல்லாந்து கிடந்து, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே நுழைத்து, ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டேன். என் கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற ஒரு டீச்சர் கிடக்கிற கிடையா அது என்று மேல்மாடிக்காரர் கதைத்திருப்பார்கள். கதைக்கட்டும்.

கதவின் அடிவிளிம்பில் பாய்ச்சினார். ஒன்றுமில்லை. கதவின் ரபரில் பாய்ச்சினார். ஒன்றுமில்லை. பொனெட்டின் பின்விளிம்பு, அதுவும் இல்லை. பொனெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் இடையில் ஒரு சாண் அகலத்தில் தகடு ஒன்று இருக்கும். "இப்ப அதில விடுங்கோ, கண்ணாடியில படாமல்," என்று கத்தினேன்.

கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு, என் கண்ணுக்கு நேர் மேலே, தகட்டின் நடுவில், திருநீறு கறுத்தது. ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில். நெற்றியில் ஈர விரலால் இழுத்தது போல இரண்டு கோடுகள் இறங்கி, ஒன்றாகி, வயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கம் நடந்து, என் காதடியில் சொட்டியது.

"கண்டுட்டன்!" என்று எழும்பி மண்டையை இடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து அந்தத் தகட்டை விரலால் தடவினேன். பெயின்றுக்குக் கீழே காசளவில் இரண்டு தடிப்புகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் மயிரிழை வெடிப்பு. சின்ன ஸ்குரூட்ரைவரால் கிண்டினேன். ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற புட்டி காய்ந்து பொடியாக உதிர்ந்தது. உட்பக்கம் குனிந்து பார்த்த என் கணவர், "வெளிச்சம் தெரியுது," என்றார். கல்லுப் பட்டோ துருப் பிடித்தோ விழுந்த ஓட்டைகள் இல்லை. யாரோ அளந்து துளைத்த, வட்டமான, ஒரே அளவான இரண்டு துளைகள்.

நான் மேலே போய்ச் செம்பிலிருந்து வேலை எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் வேல் சரிந்தபோது அந்த இரண்டு கம்பிகளும் மறுபடி கண்ணில் பட்டிருந்தன. துளைகளின் மேல் வைத்தேன். அது இறங்கி உட்கார்ந்தது.

அண்ணாவுக்கு அங்கே விடியும்வரை பொறுத்திருந்து ஃபோன் எடுத்தேன்.

"அண்ணா, காரின்ர முன்கண்ணாடிக்குக் கீழ வேல் பூட்டியிருந்ததோ?"

"அதை ஏன் இப்ப கிண்டுறாய்?"

"தண்ணி அதுக்காலதான் வருது."

"அப்ப புட்டி வைச்சு அடை. அவ்வளவுதானே."

"யார் கழட்டினது?"

"அப்பாதான். வேறை ஆர்?" பிறகு அவராகவே சொன்னார். "எண்பத்திமூண்டு கலவரம். உனக்கு அப்ப ஆறு வயசு. நினைவிருக்காது. சந்தியில வாகனங்களை மறிச்சு ஆர் தமிழரெண்டு பாக்கினம் எண்டு முன்வீட்டுச் சிங்களவர் ஓடி வந்து சொன்னவர். அப்பா ஸ்குரூட்ரைவரை எடுத்துக்கொண்டு ஓடினார். நட்டை உள்ளுக்க இருந்து பிடிக்க ஆள் வேணும். நான்தான் டாஷ்போர்டுக்குக் கீழ கிடந்து பிடிச்சனான். அப்பாவின்ர கையில இருந்து ஸ்குரூட்ரைவர் விழுந்து விழுந்து போகுது. கழட்டி, சாரத்துக்குள்ள சுத்திக்கொண்டு உள்ள போனார். பிறகு புட்டியை அப்பி, அதுக்கு மேல பெயின்ற் பூசினவர். அப்பிடித்தான் நாங்கள் சந்தியைத் தாண்டினது. விளங்குதோ? அதைக் கழட்டினபடியாத்தான் நீயும் நானும் இருக்கிறம்."

காரை விற்கச் சொல்லி அண்ணா ஏன் நிற்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் காலையில் மல்லாந்து கிடந்த அதே இடத்தில் அவர் பன்னிரண்டு வயதில் கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கார் அவருக்கு வேறு எதுவாகவும் இருக்கவில்லை.

"புட்டி வை," என்றார் மறுபடியும். "ஒருத்தருக்கும் தெரியாது."

"நான் அதைத் திருப்பிப் பூட்டப்போறன் அண்ணா."

"உனக்கென்ன விசரோ?"

"ஓம்," என்றேன்.

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலையும் சாமியறையில் நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். கந்தோருக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்ததும் லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைப்பார். வியர்வை என்று நினைத்து வளர்ந்தேன். விடியற்காலையில், குளித்த ஈரம் காயும் முன்னர், யாருக்கு நெற்றி வியர்க்கும்? இது எனக்கு இந்த வயதுவரை உறைக்கவில்லை. அண்ணாவோடு பேசியபிறகு, சமையலறையில் நின்று தேத்தண்ணீர் போடும்போது உறைத்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்பாவோடு இல்லை. அவர் கழற்றியது சரி. பிள்ளைகளைக் காரில் வைத்திருந்த எந்தத் தகப்பனும் கழற்றுவான். கழற்ற வைத்ததுதான் பிழை. அந்தப் பிழையைச் சரிசெய்ய என்னால் முடியாது. ஆனால் புட்டி வைத்து அதை இன்னொரு தரம் மூட எனக்கு மனமில்லை.

பயமில்லையா என்றால், இருக்கிறது. காலி வீதியில் பொலிஸ்காரர் கைகாட்டினால் இன்றைக்கும் என் கை முதலில் அடையாள அட்டையைத் தேடும். பயம் போனபிறகு பூட்டலாம் என்று காத்திருந்தால் வேல் இன்னொரு நாற்பது வருடம் அரிசிக்குள்தான் நிற்கும்.

"பூட்டத்தான் வேணுமோ?" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். "நாலு பேர் கேப்பினம்."

"கேக்கட்டும். பதில் இருக்கு."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தன் பழைய ரபர்ச் செருப்பொன்றை எடுத்து, வட்டமாக நான்கு வாஷர் வெட்டித் தந்தார். நான் துளைகளின் விளிம்பில் இருந்த துருவைச் சுரண்டி, துரு பிடிக்காத பெயின்ற் இரண்டு தரம் பூசிக் காயவிட்டேன். வேலைப் புளி போட்டுத் தேய்த்தேன். அரிசித் தூசி போய், பொன்னிறம் வந்தது. மேலே ஒரு ரபர், கீழே ஒரு ரபர், சுற்றிவரக் கண்ணாடிப் பசை. இந்த முறை டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்தவர் அவர். வெளியே நின்று திருகியவள் நான். என் கையிலிருந்து ஸ்குரூட்ரைவர் ஒருமுறையும் விழவில்லை. விழுந்திருந்தாலும் எடுத்துத் திருகியிருப்பேன்.

மறுபடி உள்ளே திருநீறு தூவிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கொட்டியது. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணீர். மழை விட்டதும் குடையும் ரோச்சுமாகப் போய் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டேன். திருநீறு தூவியபடியே, ஒரு கோடும் விழாமல், வெள்ளையாக இருந்தது. படம் பிடித்து அண்ணாவுக்கு அனுப்பினேன். பார்த்தார் என்று தெரிந்தது.

பரிசோதகர் வந்த நாளும் மழைதான். பின்னால் செயலாளர், குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு வந்தார். பரிசோதகர் நேரே என் காருக்கு வந்தார், மறந்திருக்கவில்லை. விரிப்பைத் தூக்கினார். தகட்டில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். விரலை முகத்துக்கு நேரே பிடித்து, ஈரமில்லை என்று கண்டு, "வத்துற நே, மிஸ். ஹரி," தண்ணீர் இல்லை, சரி என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். முன்னால் நின்ற வேலை ஒருமுறை பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. செயலாளரின் பால்கனிப் பூச்சாடித் தட்டுகளைப் பார்க்க மேலே ஏறினார்.

செயலாளர் உடனே போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், ஒழுக்கை நிப்பாட்டினது சந்தோசம். ஆனால் இதென்னத்துக்கு இப்ப வெளியில? எல்லாரும் பாக்கிற இடம். உள்ளுக்குள்ள வைச்சுக் கும்பிட்டால் காணாதே?"

"நாப்பது வருசமா உள்ளுக்குள்ளதான் அங்கிள் வைச்சிருந்தனாங்கள்," என்றேன். "அதாலதான் ஒழுகினது."

அவர் வேலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குடையைத் தன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பரிசோதகருக்குப் பின்னால் படியேறினார்.

பாடசாலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. அன்று அந்தக் காரிலேயே போனேன். காலி வீதி முழுக்க மழை. வைப்பர் ஆட ஆட, அதற்கு முன்னால் வேல் நின்று நனைந்தது. நான் நனையவில்லை.